மஜ்ஜை கேட்கும் இரண்டு வாரம்

இன்றைக்கு எட்டு புள்ளி ஆறு, போன மாதம் பன்னிரண்டரை, அதற்கு முன்னால் எட்டே முக்கால், அதற்கும் முன்னால் பன்னிரண்டு... இது ஹீமோகுளோபினா இல்லை ஊஞ்சலா என்று இவளுக்கு எரிச்சலாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டயாலிசிஸ் பிரிவில் ஜன்னலோரக் கட்டிலில் அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள், தூக்கமில்லை, அசதி, பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டுமே என்கிற அசதி. இவள் மடியில் மடிக்கணினி, அதில் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய கட்டுரை, உடம்பு சிவப்பணுக்களை எப்படி அளவாக உற்பத்தி செய்கிறது என்பதைக் கணக்கில் பிடிக்க ஆறு வருடம் மாரடித்த சமன்பாடுகள். சிறுநீரகம் ஒரு ஹார்மோனை அனுப்பும், எலும்பு மஜ்ஜை அதைக் கேட்டு அணுக்களைச் செய்யும்... அக்காவுக்குத்தான் சிறுநீரகம் கையை விரித்துவிட்டதே, அதனால் ஹார்மோன் ஊசியாகப் போகிறது. எவ்வளவு போடுவது? அதற்குத்தான் வாராவாரம் டாக்டரிடம் மல்லுக்கு நின்றாள், பாவம் அந்த மனிதர், கணக்குப் போடுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிடுவார்.

மூன்றாம் படத்தில் ஒரு கோடு இன்னும் கோணலாக இருந்தது, அதைச் சரி செய்யப் பெரிதாக்கினாள். கட்டுரையில் அந்தப் படம் ஒரு கிண்டல், ஊசிக்குப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும் என்பதை மறந்து, ஒவ்வொரு சோதனை முடிவுக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஓர் அவசரக்காரர் இருந்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக வரைந்தது. கோடு எட்டரைக்கு இறங்கி, பன்னிரண்டைத் தாண்டி ஏறி, மறுபடி... இவள் பக்கத்தில் கிடந்த அக்காவின் சோதனைச் சீட்டுகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், இரண்டும் ஒரே ஊஞ்சல். பன்னிரண்டரை வந்தபோது ரத்தம் உறைந்துவிடுமோ என்று பதறி ஊசியை நிறுத்தச் சொன்னது யார்? போன வாரம் ஒன்பதரை என்றதும் கூட்டச் சொன்னது யார்? அப்படிக் கூட்டிய ஊசி மஜ்ஜைக்குள் இன்னும் அணுவாகவே ஆகியிருக்காதே. தெரியாதவள் செய்தால் பரவாயில்லை, சமன்பாட்டில் அந்தத் தாமதத்துக்கு ஓர் எழுத்து வைத்து, அதை நூற்றுக்கணக்கான தடவை எழுதியவள் செய்யலாமா? அக்காவுக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் சோதனைச் சீட்டைப் பார்த்ததும் கணக்கையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது, வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

“மேடம், டாக்டர் வந்துட்டிருக்காரு, ஊசியைக் கூட்டணுமான்னு கேட்பாரு, என்ன சொல்லட்டும்?” என்று நர்ஸ் வந்து நின்றாள். கூட்டுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பழக்கம். “வேண்டாம்மா, போன வாரம் போட்ட அளவே இருக்கட்டும், ரெண்டு வாரம் யாரும் மாத்த வேண்டாம், நானே கேட்டாலும் மாத்த வேண்டாம்னு அவர்கிட்டச் சொல்றேன்.” நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அக்கா கண்ணைத் திறந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். “அப்ப இன்னும் ரெண்டு வாரம் இப்படியே மூச்சு வாங்கணுமாடி?” ஆமாம் என்று சொல்ல வேண்டும், அதுதான் சரியான விடை, இவள் அக்காவின் போர்வையை இழுத்துவிட்டாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. தாளில் ஓர் எழுத்தாக இருக்கும் இரண்டு வாரம் வீட்டில் மாடிப்படி, குளியலறை, பாதியில் நிற்கும் பேச்சு... நாளை மறுநாள் அக்கா நாலாவது படியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்போது, டாக்டருக்குப் போன் போடாமல் தன்னால் சும்மா இருக்க முடியுமா?