எல்லார் வசனமும் எனக்கே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பேராசையால் அழியும் ஓர் அரசனின் நாடகத்தைப் போன மாதம் பார்த்தேன். அரங்கமே விம்மியது. பக்கத்து இருக்கைக்காரர் என் கைக்குட்டையை வாங்கிக் கண்ணைத் துடைத்தார், திருப்பித் தரவில்லை. நானும் ஒருவனை உச்சிக்கு ஏற்றி, உங்கள் கண்ணெதிரே கீழே தள்ளிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

தொடக்கம் இப்படி: ‘ஏழு கோட்டைகளை வென்ற மாமன்னன், எட்டாவது கோட்டையின் வாசலில்...’

(வேண்டாம். கோட்டையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பஸ் டிப்போ தெரியும்.)

2

டிப்போவில் ஒரு டைம்கீப்பர். விசில் ஊதி பஸ்களைக் கிளப்புவது அவர் வேலை. ஊழியர் விழாவுக்கு நாடகம் போடுகிறார்கள்: அடுத்தவர் நாட்டையெல்லாம் விழுங்கப் பார்த்து அழிந்துபோகும் அரசன் கதை. அரசன் அவர்தான். ராணி, அவருடைய மனைவி, தையல்காரி. தளபதி ஒரு மெக்கானிக், தூதன் ஒரு கண்டக்டர். பழுதுபார்க்கும் கொட்டகையில், இரண்டு பஸ்களுக்கு நடுவே ஒத்திகை. கழற்றிப் போட்ட டிரைவர் சீட்தான் சிம்மாசனம்.

அவருக்கு நல்ல குரல். எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டார்கள்.

முதலில் தூதன் போனான். “சேதி சொல்ல ஆள் எதுக்கு? நான் ராஜா. எனக்கே தெரிஞ்சிருக்காதா?”

பிறகு தளபதி.

“நேத்துதாங்க மீசை வாங்கினேன்” என்றார் மெக்கானிக்.

“வச்சுக்கங்க. நீங்க போர்ல செத்துட்டதா நானே சொல்லிடறேன்.”

வசனம் எடுத்துக்கொடுக்கும் ஆளையும் வேண்டாம் என்றுவிட்டார்.

(குறிப்பு: சிரிக்காதீர்கள். இந்தக் கதையின் முதல் வரைவில் அவருக்கு ஒரு தம்பி, ஒரு மேனேஜர், டீ கொண்டுவரும் அம்மாள் எல்லாம் இருந்தார்கள். நான்தான் தூக்கினேன். பெரிய சோகத்துக்குக் கூட்டம் இடைஞ்சல் என்று நினைத்தேன்.)

கடைசி ஒத்திகையில் மனைவியின் முறை வந்தது. போர்க்களத்துக்குப் போகும் அரசனை ராணி திரும்பி வரச்சொல்லும் வசனம்.

“என்னங்க, என்னுதையுமா?”

“நீ சொன்னா எடுபடல. நானே சொல்லிக்கறேன்.”

“ராஜாவை ராணி கூப்பிடறதை ராஜாவே எப்படிங்க சொல்வாரு?”

“கனவுல கேட்ட மாதிரி.”

அவள் அவருடைய அங்கியின் ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்ப வீட்லயும் இனிமே நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிக்குங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.”

போயும்விட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சோகக் கதைக்கு வசதியாக இருந்தது.

3

விழா அன்று கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அரசனாக உறுமினார், தளபதியை வசனத்திலேயே கொன்றார், தனக்குத் தானே சேதி சொன்னார். கடைசிக் காட்சியில் ராணியின் வசனம் வர வேண்டும்.

வரவில்லை.

அதை அவர் மனப்பாடம் செய்யவே இல்லை. அவள் குரலில் தினமும் கேட்டதால் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

இங்கேதான் நான் அவரைத் தள்ள வேண்டும்.

முடிவு அ: சிரிப்பு வெடிக்கிறது. கிரீடத்தைக் கழற்றி வீசிவிட்டு அவர் வெளியே ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் முன்னால்...

(இந்த வரியை அடித்துவிட்டேன். வசனம் வராமல் நிற்கிற ஆளைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: யாரோ திரையை இழுத்து மூடுகிறார்கள். பிறகு அவர் எந்த நாடகத்திலும்...

இதையும் முடிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். சத்தியமாக நான் எழுப்பவில்லை. அவள் அக்கா வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரும் பார்த்துவிட்டார். அந்தப் பெரிய குரல் காணாமல் போயிருந்தது.

“எனக்கு வரலம்மா. அது உன்னோடது. நீ சொல்லேன்.”

4

சொல்வாளா? பேசாமல் உட்கார்ந்துவிட்டாலும் அவளைக் குறை சொல்ல முடியாது. சொல்வாள் என்று நான் ஆசைப்படுகிறேன். ரொம்பவே ஆசைப்படுகிறேன்.

திரும்பி வரச்சொல்லும் அவள் வசனம் இதோ என் மேஜையில்தான் இருக்கிறது. எழுதிவிடலாம். ஆனால் அதையும் நானே சொல்லிவிட்டால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? காலையிலிருந்து நானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பாமல் நிற்கிற ஒருவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்களோ, அப்படிக் கூப்பிடுங்கள். கொஞ்சம் சத்தமாக. அவர் மேடையில் நிற்கிறார்.