மஞ்சள் மழைக்கோட்டு

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ஜோ," என்றான் டேல்.

எங்களுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. உறைந்த ஏரியின் மேல் அவன் போட்டிருந்த மீன்பிடிக் குடிசைக்குள் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தோம். காலடியில் பனியைக் குடைந்த ஓட்டை, அதற்குள் கறுப்பாகத் தண்ணீர்.

"கேளேன்."

"ஆனிக்கா முன்னாடி கைசா பேச்சை எடுக்காதே. எப்பவாவது அவளா எடுத்தா எடுக்கட்டும். நீ டீச்சரம்மா, எதைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேப்பே."

"மூணோட நிறுத்திக்கிறேன்," என்றேன். அவன் சிரித்தான். ஆனிக்கா அவன் மகள், கைசா இறந்துபோன அவளுடைய அம்மா. நான் தலையாட்டினேன்.

சுலபமாகத்தான் ஆட்டினேன். பிறகு அந்த வீட்டுக்குக் குடிபோனேன்.

பின்கதவுக்குப் பக்கத்தில் கோட்டு மாட்ட நான்கு கொக்கிகள். நடுவில் ஒன்று எப்போதும் காலியாக இருக்கும். யாரும் மாட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாளே டேலும் அவன் மகளும் அதைத் தாண்டிக் கை நீட்டியதைப் பார்த்தேன். நான் என் கோட்டை நாற்காலியில் போட்டேன். இன்றுவரை நாற்காலிதான். சனிக்கிழமை சாயங்காலம் கொல்லைப்புறத்து சௌனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், அடுப்பின் மேல் கற்களைச் சூடேற்றுவோம். அங்கேயும் மேல் பலகையில் ஜன்னலோரம் ஓர் ஆள் உட்காருகிற இடம் வெறுமையாக இருக்கும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு எழும் ஆவி முதலில் அந்த மூலைக்குத்தான் போகிற மாதிரி எனக்குத் தோன்றும். இறந்துபோனவள் அந்த வீட்டில் எங்கும் நடமாடவில்லை. எல்லோரும் அவளுக்கு இடம் விட்டுக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான்.

அவளுடைய படத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஆனிக்காவின் அறைக்கதவு திறந்திருந்தபோது. மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண், இரண்டு கையாலும் பெரிய மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள். ஆனிக்கா திரும்பினாள். நான் துணி மடிக்க வந்தவள்போல நகர்ந்துவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் டுலூத் நகரத்திலிருந்து ஆனிக்காவின் பெரியம்மா, கைசாவின் அக்கா, போன் செய்தாள். ஹைஸ்கூலுக்கு ஆனிக்கா அங்கே வந்து தங்கிப் படிக்கட்டும் என்று. "அவ இஷ்டம்," என்றான் டேல். ஆனிக்கா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் மாடிப்படி இறங்கி வரும்போதெல்லாம் பதில் இன்றைக்குத்தான் என்று கையிலிருந்த வேலையை நிறுத்துவேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவள் அம்மாவின் பெயரைக்கூட அவள் முன்னால் உச்சரித்ததில்லை.

பள்ளியில் எனக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது. எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி மணி என்னுடையது. அந்த வாரம் நான் படித்து முடித்த இளைஞர் நாவல்களை மேஜையில் அடுக்கிவைத்து, கதையைச் சொல்லாமல், அது என்னை என்ன செய்தது என்று மட்டும் சொல்வேன். செத்துப்போன அண்ணனைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு லாரி ஓட்டும் பையனின் கதையைப் படித்துக் கார் நிறுத்துமிடத்திலேயே அழுததைச் சொல்லியிருக்கிறேன். உலகமே அழிந்த பிறகும் ஒரு பெண்ணுக்கு மூன்று பேரைக் காதலிக்க நேரம் கிடைத்த நாவலைப் பனியில் விட்டெறிந்ததையும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஆனிக்காவும் அதே வகுப்புதான்; கடைசி வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வெள்ளிக்கிழமை கலங்கரை விளக்கத்தில் வளரும் ஒரு பெண்ணின் கதையை எடுத்தேன்.

"மிஸ், இதுலயும் அம்மா செத்துட்டாங்களா?" என்றான் கோல்டன்.

"செத்துட்டாங்க."

"உங்க புக்ல ஒரு அம்மா கூட உசுரோட இருக்க மாட்டாங்களா மிஸ்? எங்கம்மாவை ஜாக்கிரதையா இருக்கச் சொல்றேன்!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். "அவங்க மூணாம் பக்கத்துலயே செத்துடறாங்க. ஆனா புக்கை மூடின பிறகும் எனக்கு அவங்க முகந்தான் வந்துக்கிட்டே இருந்துச்சு. மகளுக்கு அவங்களைப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலயேன்னு கோவம் வந்துச்சு. அந்த மஞ்சள் மழைக்கோட்டு, கையில அவ்வளவு பெரிய மீனு, அந்தச் சிரிப்பு..."

முன் வரிசையில் பிரியெல் கை தூக்கினாள். "மிஸ், நான் அதைப் படிச்சிட்டேன். அதுல மழைக்கோட்டே வராதே. மீனும் வராது."

புத்தகம் என் கையில் இருந்தது. பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கடைசி வரிசையில் தொப்பி மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஆனிக்கா என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற புக்கோட குழப்பிக்கிட்டேன் போல," என்றேன். மணி அடிக்கும்வரை என்ன பேசினேன் என்று தெரியவில்லை.

காரில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் மதியம் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வழக்கம்போல நாங்கள் இருவரும் முதலில் சௌனாவுக்குள் போனோம். எங்களுக்குப் பிறகுதான் டேல். துண்டைச் சுற்றிக்கொண்டு நான் கதவோரம் உட்கார்ந்தேன். மேல் பலகையில் இருந்த ஆனிக்கா கரண்டியால் தண்ணீர் அள்ளிக் கற்கள்மேல் ஊற்றினாள். ஆவி எழுந்து அந்த மூலைக்குப் போனது.

"அது அப்பாவோட கோட்டு," என்றாள்.

"எது?"

"மஞ்சக் கோட்டு. அம்மாவோடது இல்ல. அன்னைக்கு மழைன்னு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. மீனும் அவங்க பிடிக்கல. பக்கத்துப் படகுக்காரர்கிட்ட கடன் வாங்கின மீன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "வகுப்புல எல்லார் முன்னாடியும் எங்கம்மாவைப் பத்திப் பேசிட்டீங்க. வீட்டுல ஒரு நாள்கூடக் கேட்டதில்ல."

"நீயாப் பேசற வரைக்கும் நான் பேசக்கூடாதுன்னு உங்கப்பா சொன்னாரு."

அவள் திரும்பினாள். "என்கிட்ட, ஜோ மனசு சங்கடப்படும், அவங்க முன்னாடி பேசாதேன்னு சொன்னாரு."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா வீட்டுல அம்மாவைப் பத்திப் பேசலாம்," என்றாள். "அதுக்குத்தான் போகலாம்னு. வேற ஒண்ணும் இல்ல."

நான் எழுந்து மேல் பலகையில் ஏறினேன். காலி இடத்துக்கு முன்னால் கால் தயங்கியது. ஆனிக்காதான் முதலில் ஜன்னலோரம் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பலகை மற்ற இடங்களைப் போலவேதான் முனகியது. பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ சனிக்கிழமைகளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஆனிக்கா, எனக்குக் கைசாவைப் பத்திச் சொல்றியா?"