உள்தாழ்ப்பாள்

மறந்து வைத்துவிட்டுப் போன கொக்கிக் கம்பியை எடுக்கத்தான் பூட்டுக்காரன் அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். சாவியைத் தொலைத்த கடைக்காரன் ஒருவன் அங்கே ஷட்டருக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். எடுத்தோம், போனோம் என்று இருக்க வேண்டியவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நடுவில் அப்படியே நின்றுவிட்டான்.

சாமான் அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம்.

பெண்டாட்டியின் சிரிப்புதான். ஆனால் சாதாரணச் சிரிப்பு இல்லை. அடக்கப் பார்த்து, முடியாமல் பீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குகிற சிரிப்பு. கல்யாணமாகி, ஒரு மகளைப் பெற்று, அவளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இத்தனை காலத்தில் பெண்டாட்டி இப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை.

மெல்லக் கதவைத் தள்ளினான். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ஐயோ, போதும்டா சாமி! வயிறு வலிக்குது" என்றாள் அவள் உள்ளே.

'டா' என்கிறாள்!

யாரையும் நம்பாதவன் அவன். தொழில் அப்படி. பூட்டுத் திறக்கக் கூப்பிடுகிறவன் வீட்டுக்காரனா, திருடனா என்று முதலில் முகத்தைப் பார்ப்பான். அப்புறம்தான் பூட்டைப் பார்ப்பான். பூட்டை நம்பு, ஆளை நம்பாதே என்பது அவன் வேதம். துவாரம் உள்ள எந்தப் பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு திறப்பான். உள்தாழ்ப்பாளுக்கு ஏது துவாரம்? ஊரார் கதவையெல்லாம் திறந்தவன், தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றான்.

தட்டியிருக்கலாம். "உள்ள யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற புத்தி இருந்தால் இந்தக் கதையே கிடையாது. வாசலுக்கு வந்து மச்சானுக்குப் போன் போட்டான்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். பஸ் டிரைவர். அடுத்த தெருவில்தான் வீடு.

"உடனே வா. உன் தங்கச்சி லட்சணத்த உன் கண்ணாலயே பாரு. நாளைக்கு நான் வீண்பழி போட்டேன்னு எவனும் சொல்லக் கூடாது."

டிரைவர் சாப்பிட்ட கை காயாமல், சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடிவந்தான். அதற்குள் மாப்பிள்ளை கையில் கடப்பாரை ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தான்.

"மாப்ள, முதல்ல அதக் கீழ போடு. என்ன விஷயம்னு சொல்லு."

"உள்ள ஒருத்தன் இருக்கான்."

"பார்த்தியா?"

"கேட்டேன். நீயும் கேளு."

இருவரும் கதவில் காதை வைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு களுக்கென்று ஒரு சிரிப்பு. டிரைவரின் முகம் தொங்கிப்போனது. "தங்கச்சி..." என்று அவன் கூப்பிட்டு முடிப்பதற்குள் கடப்பாரை கதவிடுக்கில் ஏறிவிட்டது. பலகை பிளந்தது. தாழ்ப்பாள் பிய்ந்து தரையில் தெறித்தது.

அரிசி மூட்டை மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள் அவள். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. கடப்பாரையைப் பார்த்ததும் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வேறு யாரும் இல்லை.

பூட்டுக்காரன் விடவில்லை. பெட்டிக்குப் பின்னால் பார்த்தான். மடக்குக் கட்டிலை இழுத்துப் பார்த்தான். அரிசி டிரம் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஏன் மாப்ள, நீ தேடறது ஆளையா, அரிசியையா?" என்றான் டிரைவர். பாதி பயம் போயிருந்தது அவனுக்கு.

"ஜன்னலையும் பார்த்துடுங்க" என்றாள் அவள். "நீங்க அடிச்ச கம்பிதான். எலி போகாது."

"அப்ப யாரைடி 'டா' போட்ட?"

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதுல வர்றவன."

"பொய்! புத்தகத்தப் பார்த்து எவளாவது இப்படிச் சிரிப்பாளா?"

எழுந்து ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். கொடியில் கிடந்த நாலு துணியை மடித்து அதில் வைத்தாள்.

"அண்ணே, நான் உன்னோட வரேன்."

குரலில் அழுகை இல்லை. அதுதான் பூட்டுக்காரனுக்குப் பயத்தைக் கிளப்பியது.

"அவசரப்படாதம்மா" என்றான் அண்ணன்.

"யாரு அவசரப்பட்டது? கடப்பாரை கதவுல பட்டுது, அதனால நின்னு பேசிக்கிட்டிருக்கோம். குழாய் ரிப்பேர் பண்ண ஒரு ஆளு உள்ள நின்னிருந்தா அது எங்க பட்டிருக்கும்?"

பூட்டுக்காரன் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "பின்ன எதுக்குத் தாழ்ப்பாள் போட்ட?"

"கல்யாணமான புதுசுல நான் படிச்சுக்கிட்டிருந்த புத்தகத்தப் பிடுங்கி வெந்நீர் அடுப்புல போட்டது யாரு? வேலை வெட்டி இல்லாதவதான் படிப்பான்னு சொன்னது யாரு? அன்னைலேர்ந்து மாவு டப்பாவுல ஒளிச்சு வெச்சுத்தான் படிக்கிறேன். இந்த மூட்டை மேல உக்காந்துக்கிட்டே நான் கப்பல்ல போயிருக்கேன். கோர்ட்டுல சாட்சி சொல்லியிருக்கேன். கொலை செஞ்சது யாருன்னு போலீசுக்கு முன்னாடி கண்டுபிடிச்சிருக்கேன். அதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? ஒரு நாளாவது சோறு லேட்டாச்சா?"

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள் அவன். "அப்படி என்ன பொல்லாத சிரிப்பு அதுல? படி, நானும் கேக்கிறேன்."

"நான் படிக்க மாட்டேன். நீங்க படிங்க." விட்ட இடத்தில் விரலை வைத்து நீட்டினாள்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் அவன். கடைப் பலகை படிக்க அந்தப் படிப்பு போதும். மச்சானுக்கு முன்னால் படித்தாலும் மானம் போகும், மாட்டேன் என்றாலும் போகும். புத்தகத்தைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கடப்பாரையைக் கீழே வைத்தான்.

"ஒரு... சந்தே... சந்தேகப் பேர்வழி." நிமிர்ந்து பார்த்தான். யாரும் கேலி செய்யவில்லை. விரலை வைத்து ஓட்டினான். "பெட்டிச் சாவியைக் கழு... கழுதையின் கழுத்தில் கட்டினான். கழுதையை வீட்டுக்குள் விட்டான். பெட்டியோடு வெளியே வந்து கதவைப் பூட்டினான். கதவுச் சாவியைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். பெட்டி தானாகவே பூட்டிக்கொண்டது. 'இனி எவன் திறக்கிறான் பார்க்கலாம்' என்று நிமிர்ந்தான். ஜன்னல் வழியாகக் கழுதை அவனைப் பார்த்தது."

விரல் நின்றது. மறுபடி மேலே போனது. கதவுச் சாவி பெட்டிக்குள். பெட்டிச் சாவி கழுதை கழுத்தில். கழுதை வீட்டுக்குள்.

முதலில் மூக்கால்தான் சிரிப்பு வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டான். "டேய் மடையா! பூட்டறதுக்கு முன்னாடி யோசிக்க மாட்டியாடா!"

"இப்ப சொல்லுங்க" என்றாள் அவள். சிரிக்காமலேதான் கேட்டாள். "நீங்க யாரை 'டா' போட்டீங்க?"

பூட்டுக்காரனின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஷட்டருக்கு முன்னால் காத்திருந்த கடைக்காரன். பூட்டுக்காரன் எடுக்கவில்லை. பிளந்த பலகையைத் தடவிக்கொண்டே, "தப்புதான்" என்றான். "கதவ சரிபண்ணித் தரேன். இனிமே தாழ்ப்பாளே வேணாம்."

"வேணும். உள்பக்கம் வேணும். போடறதும் எடுக்கறதும் என் இஷ்டம்."

பூட்டுக்காரன் தன் கையாலேயே புதுத் தாழ்ப்பாள் மாட்டினான். கடைசித் திருகாணி இறுகும் வரை டிரைவர் தங்கச்சியின் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, "இதை என்னம்மா பண்றது?" என்று கேட்டான்.

"ஆணியிலயே தொங்கட்டும். இப்போதைக்குப் பிரிக்க மாட்டேன்" என்றவள், உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

மறந்திருந்த கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போன பூட்டுக்காரன் திரும்பி வந்தான். இந்த வீட்டில் அவன் ஒரு கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"என்ன?"

"அந்தக் கழுதைய... எப்படித்தான் வெளிய எடுத்தான்?"

உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"நான் முடிச்சதும் தரேன். எழுத்துக் கூட்டி நீங்களே படிங்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. ஒருத்தி புத்தகத்தோட ஒதுங்கினா வீட்டை விட்டு ஓடறான்னு அர்த்தமில்ல. எங்கெங்கயோ போயிட்டு, நாளைக்கும் இந்த அடுப்புக்கு முன்னாடி நிக்கத் தெம்போட திரும்பி வர்றா. கூட வரணும்னு ஆசையா இருந்தா நீங்களும் படிக்கணும். கதவ உடைச்செல்லாம் அங்க வர முடியாது."