சாவடியில் நிறுத்தப்பட்ட ஆறு

கற்றறிந்த பெரியோர் முன்னிலையில் தூரிகையை எடுக்கவே கை கூசுகிறது. எழுதிப் பழக்கமில்லாதவனின் துணிச்சலைத் தாங்கள் பெருந்தன்மையோடு பொறுத்தருள வேண்டும். நடந்தது இதுதான்: ஹிதாசே சீமையின் பிரபு உதாகவா மிச்சிஹிசா, நாட்டை ஆளும் படைத்தலைவரான ஷோகுனின் தலைநகர் எதோவுக்கு, பட்டத்துக்கு வந்தபின் முதன்முறையாகப் புறப்பட்ட வசந்தத்தில், மினே ஆறு தன் படுகையை விட்டு எழுந்து அவருக்குப் பின்னால் நடந்து போயிற்று.

ஈட்டிக்காரர்களுக்குப் பின்னும் சாமான் குதிரைகளுக்கு முன்னுமாக அது தனக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டது. ஊர்வலத்தின் வரிசை குலையவில்லை. பயண ஏற்பாடுகளைக் கவனித்த தலைமைக் காரியஸ்தர் இசோபே கெந்நாய் கவலைப்பட்டதெல்லாம், வழியிலுள்ள விடுதிகளில் ஆற்றை எங்கே தங்கவைப்பது என்பதைப் பற்றித்தான். அது ஏன் வருகிறது என்று எவரும் கேட்கவில்லை. பட்டத்துக்கு வந்த ஆண்டிலேயே, கரை உடைந்த வெள்ளத்தில் பட்டு உடையோடு இடுப்பளவு இறங்கிக் குடியானவர்களோடு மண்மூட்டை சுமந்தவர் மிச்சிஹிசா. விளைச்சல் பொய்த்தபோது கோட்டைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டுத் தாமும் தினைக்கஞ்சி குடித்தவர். அவரோடு போகாமல் ஆறு வேறு யாரோடு போகும் என்றுதான் ஹிதாசேயில் பேசிக்கொண்டார்கள்.

பிரபுக்கள் ஓராண்டு தம் சீமையிலும் மறு ஆண்டு எதோவிலும் இருக்க வேண்டும்; அவர்களுடைய மனைவி மக்கள் எப்போதும் எதோவிலேயே பிணையாக இருக்க வேண்டும் என்பது ஷோகுனின் சட்டம். அந்த ஓராண்டும் ஆறு, பிரபுவின் எதோ மாளிகைப் பின்முற்றத்தில் சுருண்டு கிடந்தது. எதோவிலேயே பிறந்து ஹிதாசேயை ஒருமுறையும் கண்டிராத அவருடைய மகன் அதில் நீந்தக் கற்றுக்கொண்டான். ஊரிலோ வயல்கள் வெடித்துப்போயின. ஜனங்கள் மேட்டு நிலத்தில் தினை விதைத்து உயிர் பிழைத்தார்கள். குளிர்காலத்தின் இறுதியில் ஊர்த்தலைவர் கிஹெய் ஆளனுப்பிச் சொன்ன செய்தி சுருக்கமானது: "இந்த நடவுக்கும் தண்ணி வரலேன்னா, எசமான் திரும்பி வர்றப்போ கும்பிட ஆள் இருக்காது."

ஆகவே ஆண்டு முடிந்ததும் பிரபு தாமதிக்காமல் ஊருக்குப் புறப்பட்டார். வழியில், மலைக் கணவாயிலிருந்த காவல் சாவடியில் ஆற்றை நிறுத்திவிட்டார்கள். எதோவுக்குள் துப்பாக்கி போகக்கூடாது, எதோவிலிருந்து பெண் வெளியேறக்கூடாது. அந்தச் சாவடி இருந்ததே அதற்காகத்தான். பிணையாக உள்ள பெண் தப்பிவிட்டால் அவளுடைய பிரபு கலகத்துக்குத் துணிந்துவிட்டார் என்று பொருள்.

"பொம்பள மாதிரி தெரியுதே," என்றார் சாவடி அதிகாரி.

"ஆறுங்க ஐயா, வெறும் ஆறு," என்றார் கெந்நாய்.

"அதைச் சோதிச்சுப் பாத்துதான் சொல்லணும்."

பெண்களின் கொண்டையை அவிழ்த்துச் சோதிக்கும் வேலை ஒதாமே என்ற விதவையுடையது. அவள் சீப்போடு வந்து ஆற்றின் அருகில் உட்கார்ந்தாள். "கூச்சப்படாதே தாயி, தலையைக் குடு. அடேயப்பா, சீப்பே ஒடிஞ்சிரும் போலிருக்கு. எத்தனை வருசமாச்சு வாரி?" பாசியும் அயிரை மீன்களும் ஒற்றை வைக்கோல் செருப்பும் அவள் மடியில் விழுந்தன. கடைசியில் எழுந்து கைகளை உதறினாள். "பொம்பளதாங்க, சந்தேகமே இல்ல. வீட்டு ஞாபகத்துல இருக்கா."

பெண்ணென்றால் எதோவில் வாங்கிய அனுமதிச் சீட்டு வேண்டும். ஆள் போய் வாங்கி வருவதற்குள் நடவு கடந்துவிடும். பிரபுவும் அங்கே காத்திருக்க முடியாது. குறித்த நாளில் ஊர் சேராத பிரபுவை ஷோகுன் சந்தேகிப்பார், சீமை பறிபோகும்.

"எசமான், இவளை இங்கேயே விட்டுட்டுப் போயிருவோம். சீட்டு வந்ததும் கூட்டிக்கலாம்," என்றார் கெந்நாய்.

"சீட்டு வரும். நாத்து காத்துக்கிட்டு இருக்குமா?" பிரபு பல்லக்கின் பக்கம் திரும்பினார். "என் பல்லக்கைத் திறந்து பாப்பாங்களா?"

"பிரபுவோட பல்லக்குல யாருங்க கை வைப்பா?"

சாவடிக்காரர்கள் கண்ணில் படாத பாதை வளைவுக்குப் பின்வாங்கி, மிச்சிஹிசா இடுப்பிலிருந்த வாள்கள் இரண்டையும் உறையோடு எடுத்துக் கெந்நாயிடம் கொடுத்தார். செருப்பு தூக்கும் பணியாளின் நீல அங்கியை வாங்கி அணிந்துகொண்டார். ஆறு தன்னை மடித்துப் பல்லக்கில் ஏறி உட்கார்ந்தது. கதவு சாத்தப்பட்டது.

"ஒரே வருசத்துல எசமான் இவ்வளவு கனத்துட்டாரே," என்றான் முன்னால் தூக்கியவன்.

"வாயை மூடிட்டு நடடா. எசமான் ஒழுகுறாரு," என்றான் பின்னால் தூக்கியவன்.

நடந்து போகும் ஏவலாட்கள் சாவடி முன் தரையில் விழுந்து வணங்கிவிட்டே கடக்க வேண்டும். எவருடைய வருகைக்காக ஊர் ஊராகத் தலைகள் மண்ணைத் தொட்டனவோ, அவர் சிறு அதிகாரி ஒருவரின் காலடியில், சரளைக் கற்களில் நெற்றியை அழுத்தினார். பிடிபட்டால் சிலுவையில் அறைவார்கள். பல்லக்கின் அடியிலிருந்து நீர் சொட்டுவதை அதிகாரி பார்த்தார். கீழே கிடந்தவரின், வேலைக்காரனுக்குப் பொருந்தாதபடி நன்கு மழித்த முன்னந்தலையையும் வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள இருக்கிறவர் பிரபு. நடந்து போறவன் வேலைக்காரன். முறைப்படிதான் இருக்கு. போகலாம்," என்று சொல்லித் தாமும் தலை வணங்கினார். அந்த வணக்கம் பல்லக்குக்கா, வேலைக்காரனுக்கா என்பது கெந்நாய்க்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நடவு நடந்தது. அடுத்த எதோ பயணம் நெருங்கியபோது, ஆறு மறுபடியும் கிளம்பிவிடுமே என்று எல்லோரும் கலங்கினார்கள். பிரபு ஊரில் இல்லாத ஆண்டில் சீமையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் எல்லை தாண்டலாகாது என்பது வழக்கம். அந்தப் பதவி பரம்பரையாக இசோபே குடும்பத்தினுடையது. அவ்வாண்டு குடும்பத்து மூத்தவரிடமிருந்து கெந்நாயிடம் வந்து சேரவேண்டியது. அவரே பிரபுவிடம் போனார். "எசமான், அந்தப் பதவியை அவளுக்குக் குடுத்துருங்க. நான் செய்யறதைவிட ஒழுங்காச் செய்வா." நியமன ஆணையை அவரே கரையில் மண்டியிட்டு வாசித்தார். புறப்பட்ட நாளில் ஆறு எல்லைக்கல் வரை வந்து பிரபுவை வழியனுப்பிவிட்டுத் திரும்பிப் படுகையில் படுத்துக்கொண்டது. மிச்சிஹிசா உயிரோடிருந்தவரை அப்படியே நடந்தது. அவருக்குப் பின்னும் அப்படியே நடந்துவருகிறது.

இதில் இழந்தவை: ஓராண்டு நெல். கிஹெயின் எருது. பிழைக்கப் போய்த் திரும்பி வராத மூன்று குடும்பங்கள். பல்லக்கின் பட்டு மெத்தை. ஒதாமேயின் சீப்பில் இரண்டு பல். பிரபுவின் நெற்றியில் சிறிது தோல். இசோபே குடும்பத்தின் பதவி.