கொலுவுக்குப் போன எஞ்சின்

மழை ஓய்ந்து முதல் நல்ல வெயில் அடிக்கும் வாரத்தை ரோகிணி வேறு எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில், கொய்யா மரத்தையும் செம்பருத்திச் செடிகளையும் சுற்றி ஓடும் சின்ன ரயில் பாதையை அந்த வாரத்தில்தான் அவள் சீர்செய்வாள். மழையில் நனைந்து பித்தளைத் தண்டவாளம் பச்சை பூத்துக் கிடக்கும். ஜல்லி அரித்துப்போய்ச் சில இடங்களில் பாதை அந்தரத்தில் தொங்கும். குகைக்குள் எறும்புகள் குடியேறியிருக்கும். தேய்த்து, நிரவி, விரட்டி எல்லாம் முடித்தபின் கடைசியாக எஞ்சினுக்கு வருவாள். முழங்கை நீள எஞ்சின். மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வருடக்கணக்காக உழைத்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது தனக்கென்று அவள் வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அன்று காலை ரைத்து பஜாரிலிருந்து காய் வாங்கி வந்து, சமையலை முடித்துவிட்டுப் பின்பக்க மேஜைக்குப் போனால் எஞ்சினைக் காணோம்.

அதன் அடிமூடி இருந்தது. கழற்றி வைத்த திருகாணிகள் எவர்சில்வர் கிண்ணத்தில் அப்படியே இருந்தன. கிரீஸ் டப்பா, பழைய டூத் பிரஷ், துடைக்கிற துணி, எதுவும் நகரவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அடியைத் திறந்து, பல்சக்கரங்களில் இறுகிப்போன பழைய கிரீஸை ஸ்பிரிட் தொட்டுக் கழுவி, உலர வைத்திருந்தாள். மேஜைக்கு அடியில் பார்த்தாள். பூனை தள்ளியிருக்குமோ என்று செடிகளுக்குள் பார்த்தாள். திருடன் வந்திருந்தால் மிக்ஸியை விட்டுவிட்டு எஞ்சினையா எடுத்துப் போயிருப்பான்?

அந்த நேரம் போன் ஒலித்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் நாத்தனார் அம்மணி ஒரு படம் போட்டிருந்தாள். செகந்திராபாத் வீட்டுக் கொலு. படிகளுக்குக் கீழே ஈர மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்ட பார்க். அதன் நடுவில், சக்கரம் பாதி மணலில் புதைந்து, நெற்றியில் குங்குமத்தோடு நின்றது அவளுடைய எஞ்சின்.

ரோகிணி உடனே கணவன் சாரங்கபாணியின் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"எஞ்சினை அண்ணி கிட்ட குடுத்தீங்களா?"

"ஹவ், ஆமா. நீ காய் வாங்கப் போயிருந்தே. அக்கா வந்து கொலுவுக்குக் கேட்டா, குடுத்தேன். விஜயதசமி முடிஞ்சதும் வந்துடும்."

"அடிமூடி இங்கே கிடக்கு. உள்ளே ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. பிரிச்சுப் போட்டிருக்கேன்னு கண்ணுக்குத் தெரியலையா?"

"பொம்மைக்கு மூடி கைக்கு, ரோகிணி? எதுக்கு? அங்கே சும்மா நிக்கப்போகுது, அவ்வளவுதானே. மீட்டிங் இருக்கு, இந்தப் பேச்சு இப்ப நக்கோ, வேண்டாம்." வைத்துவிட்டான்.

பொம்மை. தன்னுடைய செருப்பை யாராவது தெரியாமல் மாட்டிக்கொண்டு போனால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிப் புலம்புகிற மனுஷன், அவள் மேஜைமேல் பிரித்து வைத்திருந்ததை அவளைக் கேட்காமல் தூக்கிக் கொடுத்திருக்கிறான். கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு நெஞ்சில் எரிந்தது. புடவையைக்கூட மாற்றாமல், துணிப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

அவள் போனபோது அம்மணியின் கூடத்தில் நாலைந்து பெண்கள் தாம்பூலத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மணி பட்டுப்புடவை சரசரக்கக் கொலுவைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இது கடையில வாங்கின செட் இல்லீங்க. என் தம்பி தோட்டத்துல ரயில் பாதையே போட்டிருக்கான். எல்லாம் அவன் கைவேலை. ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் உட்கார்ந்து ரிப்பேர் பண்ணுவான், அவ்வளவு பொறுமை."

ரோகிணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். குகைக்குள் கையை விட்டு எறும்புக்கடி வாங்கிய விரல்கள் இன்னும் தடித்திருந்தன.

"ஓடுமா மாமி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓடாம? பாருங்க," என்று அம்மணி குனிந்து, எஞ்சினை மேலிருந்து அழுத்திப் பிடித்து மணலில் தள்ளினாள். அந்த எஞ்சினில் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தைச் சுழற்றி மோட்டாரை அசைக்க முடியாது. வெளியிலிருந்து தள்ளினால் உள்ளே பல்சக்கரத்தின் பல் போகும். சக்கரம் முதலில் மறுத்தது. அம்மணி இன்னும் பலமாக அழுத்தினாள். கறக் என்று ஒரு சத்தம். பிறகு சக்கரம் லேசாக, ரொம்ப லேசாகச் சுழன்றது.

"பாத்தீங்களா!" என்றாள் அம்மணி.

ரோகிணி கூடத்தைக் கடந்து போய், மணலிலிருந்து எஞ்சினைத் தூக்கினாள். திறந்த அடிப்பக்கத்திலிருந்து ஈர மணல் பொத்தென்று விழுந்தது.

"ஐயையோ, என்ன பண்றே? கொலுவுல வச்சதை நடுவுல எடுக்கக் கூடாது, ரோகிணி! வை கீழே!"

"கேக்காம எடுத்துட்டு வரலாமா அண்ணி?"

"கேக்காமலா? என் தம்பியைக் கேட்டுத்தானே எடுத்தேன். அவன் வீட்டுப் பொருளுக்கு வேற யாரைக் கேக்கணும்?"

"என்னை. இது என்னோடது. பாதை போட்டது நான். பிரிச்சது நான். நீங்க இப்ப உடைச்சீங்களே, அதைச் சரிபண்ணப்போறதும் நான்தான்."

அம்மணியின் முகம் சிவந்துவிட்டது. "வந்தவங்க முன்னாடி இப்படிப் பேசறியே, ஒரு பொம்மைக்காக," என்றாள். அம்மணியின் மருமகள் ஹர்ஷிதா குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டுமாக ரோகிணியிடம் ஓடிவந்தாள். "அத்தை, ப்ளீஸ், தாம்பூலமாவது எடுத்துக்கோங்க." அந்தப் பெண்ணைக் கோபிக்க ரோகிணிக்கு ஒன்றுமில்லை. "இன்னொரு நாள் வரேம்மா. இப்ப வாங்கிக்கிட்டா மனசார வாங்கின மாதிரி இருக்காது," என்று சொல்லிவிட்டு, எஞ்சினைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தாள். நினைத்தபடிதான் இருந்தது. அச்சில் இருந்த பல்சக்கரத்தில் ஒரு பக்கம் முழுக்க மழுங்கிப் போயிருந்தது. பிரஷ்ஷால் மணலைத் தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் சாரங்கபாணி உள்ளே நுழையும்போதே குரலை உயர்த்தினான். "அக்கா போன்ல அழறா. நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டியாம். முதல்ல ஒரு சாரி சொல்லு."

ரோகிணி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "இந்த ரயில் உங்க கைவேலைன்னு அண்ணி ஊருக்கெல்லாம் சொல்றாங்க. அவங்களுக்கு அப்படி யார் சொன்னது?"

"அக்கா தானா ஏதாவது..."

"ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் ரிப்பேர் பண்றதுவரைக்கும் சொல்றாங்க. ரிப்பேர் நடக்கும்போது அவங்க வந்து பார்த்ததே இல்லை."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடித் திறந்தான். "வர்றவங்க எல்லாரும் நான்தான்னு நினைச்சுக்கறாங்க. சூப்பர் சார்னு கை குடுக்கறாங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஒரு தடவை ஆமாம்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்தறது?"

"உடைச்சதைவிட எனக்கு இதுதான் தாங்கலை," என்றாள் ரோகிணி. "ஊருக்கு முன்னாடி உங்க கைவேலை. நான் கேட்டா மட்டும் பொம்மை. நான் யாருக்கும் சாரி சொல்லப்போறதில்லை. நீங்கதான் அண்ணிக்குப் போன் போடணும். இப்பவே, என் எதிர்ல."

அவன் காப்பி கேட்டான், அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கரில் போட்டான். "அக்கா, அந்த ரயில் நான் பண்ணதில்லே. எனக்கு அதுல ஸ்க்ரூ மாட்டக்கூடத் தெரியாது. எல்லாம் ரோகிணி வேலை. உங்கிட்ட நான் குடுத்ததும் தப்பு."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடா?" என்றாள் அம்மணி. கொஞ்சம் கழித்து, "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. ரோகிணியும் எதிர்பார்க்கவில்லை.

புதுப் பல்சக்கரம் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் தீபாவளி தாண்டிவிட்டது. வெயில் இருந்த நல்ல நாட்களெல்லாம் துடைத்து வைத்த பாதை காலியாகவே கிடந்தது. சக்கரத்தை மாட்டி, கிரீஸ் வைத்து, மூடியைப் பொருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைப் பாதையில் ஏற்றினாள். முதல் வளைவில் கொஞ்சம் முனகியது. இரண்டாவது சுற்றில் சரியாகிவிட்டது.

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ராமசுவாமி எட்டிப் பார்த்தார். "சாரங்கபாணி சார், உங்க ரயில் இந்த வருஷம் ரொம்ப லேட்டு போலிருக்கே!"

சாரங்கபாணி மனைவியைப் பார்த்தான். "என்னோடது இல்லே சார். அவளோடது. அவளைத்தான் கேக்கணும்," என்றான். சொல்லிவிட்டு, ஏதாவது பாராட்டு வருமா என்பதுபோல் அங்கேயே நின்றான்.

இத்தனை வருஷம் கழித்து ஒரு உண்மையைச் சொன்னதற்கு இவனுக்குப் பரிசு வேறு தர வேண்டுமா என்று ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவன் சொன்னது காதில் விழுந்துவிட்டது.

"ஜல்லி மேல நிக்கறீங்க," என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டி வருது."