நாகப்பட்டினத்து ராடுகள்

அப்சர் அந்த எட்டு ராடுகளையும் ஷார்ஜாவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, குழந்தையின் கவுனுக்குள் சுற்றியிருந்த இரும்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா?" என்றாராம். "கார் எஞ்சினுக்குள்ள இருக்கும் சார், கனெக்டிங் ராடு" என்றானாம் அப்சர். சொந்த ஊரான ராஜகிரியில் சென்டுக்கும் கம்பளிக்கும் காத்திருந்த சொந்தக்காரர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

இதையெல்லாம் அவனே சிரித்துக்கொண்டு ஜெனித்திடம் சொன்னான். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை ரோட்டில், தேய்ந்த எஞ்சின்களைக் கடைந்து புதுப்பிக்கும் ஜெக்கரியா ரீபோரிங் பட்டறை வாசலில் சம்பா அறுவடைக்கு நடுவே படுத்துக்கொண்ட டிராக்டர்கள் வரிசையாக நின்றன. அப்பா ஜெக்கரியா இறந்து ஆறு வருஷமாகிறது. தம்பி கிளாட்சன் இரண்டே வருஷம் என்று சொல்லி குவைத்துக்குப் போனவன், ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறான். பாலிடெக்னிக் முடித்த ஜெனித்தான் கிராங்க் தேய்க்கும் மெஷினில் நிற்கிறாள். முப்பத்து நாலு வயது. அவள் தேய்த்த கிராங்க் திரும்பி வராது என்று டெல்டா முழுக்க டிராக்டர்காரர்கள் சொல்வார்கள்.

அப்சரிடம் ஒரு பழைய பியட் இருந்தது. பிப்ரவரிக் கடைசியில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பழைய கார்களுக்கு ஒரு ரேஸ். அதில் ஓட்ட வேண்டும். ஷார்ஜாவில் பதினோரு வருஷம் ரேஸ் கார்களுக்கு எஞ்சின் கட்டியவன், தனக்கென்று ஒரு எஞ்சின் கட்டியதில்லை.

"குடும்பத்தோட வேளாங்கண்ணிக்குப் போறதுக்குச் செஞ்ச எஞ்சின் சிஸ்டர் இது. அதுக்கு அதோட சொந்த ராடு போதும். நான் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்த விடப் போறேன். அவ்வளவு வேகத்துக்கு அதைச் செய்யல, அதைக் குத்தம் சொல்ல முடியாது. அதான் ஜப்பான் கார் ராடு கொண்டாந்திருக்கேன். எட்டுல நல்லதா நாலு எடுத்துக்குங்க."

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. கிராங்க் வட்டமாகச் சுற்றுகிறது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் கை எலும்புதான் ராடு. வேகம் கூடினால் முதலில் அதைத்தான் போட்டு இழுக்கும். இது ஜெனித்துக்கும் தெரியும். ஆனால் டிராக்டர் எஞ்சினில் யாரும் ஏழாயிரம் கேட்டதில்லை. அவளுக்குள் ஒரு ஆசை எழுந்தது. அதை வெளியே காட்டாமல், "வச்சிட்டுப் போங்க பாய், பாத்துச் சொல்றேன்" என்றாள்.

எட்டையும் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டாள். மறுநாள் காலையில் துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசிக் காயவைத்தாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போட்டுவிடும். மூன்றாவது ராடில், போல்ட் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு எழும்பியது. இரண்டு ராடுகள் லேசாக வளைந்திருந்தன. இன்னும் மூன்றில், கிராங்கைக் கவ்விக்கொள்ளும் கீழ்ப் பாதி வேறு ராடுகளுடையது; எண்கள் பொருந்தவில்லை. மிச்சம் இரண்டு.

அப்சர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவன் அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"இதே ராடுலதான் சிஸ்டர் அங்க ஓட்டுனோம். என் கண்ணால பாத்தேன்."

"ஓடுன ராடுதான் பாய். இனிமே ஓடாது."

"கோட்டத் தேச்சு எடுத்துட்டா?"

"மேல இருக்கறது போகும். உள்ள இருக்கறது?"

அப்சர் கோட்டிலிருந்து விரலை எடுத்தான். எட்டையும் கோணிப்பையில் போட்டான். "திருச்சியில பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். ராடுகளோடு அவன் இறக்கிவைத்திருந்த பியட் எஞ்சின் மட்டும் பட்டறையிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் மதியம் ஷமீரா வந்தாள். அப்சரின் மனைவி. ராஜகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள். ஜெனித் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா, அந்த ராடு வேணாம்னு சொல்லிட்டீங்களாமே."

ரேஸையே நிறுத்தச் சொல்லும்படி கேட்க வந்திருக்கிறாள் என்று ஜெனித் நினைத்தாள். "ஆமாங்க. மாட்டுனா உடையும். உடைஞ்சா எஞ்சினப் பொத்துக்கிட்டு வெளிய வரும். நீங்க பயப்படாதீங்க, நான் மாட்டித் தர மாட்டேன்."

"அதுக்கு வரலக்கா." ஷமீரா டம்ளரைக் கீழே வைத்தாள். "நேத்து அவங்க ஏஜென்டுக்குப் போன் போட்டுட்டாங்க. பழைய கம்பெனியிலயே விசா இருக்காம். கல்யாணமாகி பதினோரு வருஷம். அவங்க என்கூட இருந்த நாளக் கூட்டிப் பாத்தேன். பத்து மாசம்கூட வரல. இந்தத் தடவதான் திரும்பிப் போற பேச்சே இல்லாம இருந்தாங்க. எந்திரிச்சா கார், சாப்புடும்போது கார். அது ஒண்ணுதான் அவங்களப் புடிச்சு வச்சிருந்துச்சு."

ஜெனித் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வேற ராடு இருந்தாப் பாருங்கக்கா."

"கார் ஓட்டுறது உங்களுக்குப் பயமா இல்லயா?"

"பயமாத்தான் இருக்கு. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். வேற எங்கயாச்சும் போனா அந்தக் கோட்டப் பாக்காமலே மாட்டிக் குடுத்துருவாங்க."

அவள் போன பிறகு ஜெனித் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு அலமாரியிலிருந்து தன் நோட்டுகளை எடுத்தாள். பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு எஞ்சினையும் அளந்து எழுதிவைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. ராடு நீளம், மேல் துளை, கீழ்த் துளை, அகலம். யாருக்கும் பயன்பட்டதில்லை. கிளாட்சன் கேலி செய்வான். பியட் அளவை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள். லாரி, ஜீப், வேன் எல்லாம் கனம் அதிகம் அல்லது நீளம் அதிகம். தொண்ணூற்றைந்தாம் வருஷப் பக்கத்தில் விரல் நின்றது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏஜென்ட் ஒருவர் வைத்திருந்த ஐரோப்பியக் கார். ராடு பியட்டுடையதைவிட மூன்று மில்லிமீட்டர்தான் கூடுதல் நீளம். தடிமன் நல்ல தடிமன். கிராங்கைக் கவ்வும் துளை கொஞ்சம் சின்னது. சின்னதென்றால் நல்லதுதான், கிராங்கைத் தேய்த்து உட்கார வைக்கலாம். பெரிதாக இருந்தால் வழியில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாகப்பட்டினம் போனாள். துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் பார்க்கிற நல்லக்கண்ணு அவளுக்குப் பழக்கம்.

"அந்த வெள்ளக்கார காரா? உப்புக்காத்துல பாடி பூரா உதுந்து போச்சும்மா. நீ ரீபோர் பண்ணிக் குடுத்த எஞ்சின் நூறு மைலு ஓடியிருந்தா அதிகம். அதோ கெடக்கு பாரு" என்றார். எஞ்சின் மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமாகப் பிரித்தார்கள். நான்கு ராடுகளும் எண்ணெய்ப் பசையோடு புதிதுபோல இருந்தன. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுக்கொன்று, நாலுக்கு நாலு, எண் பொருந்தின. பதிலுக்கு ஒரு விசைப்படகின் கிராங்கைத் தேய்த்துத் தருவதாகப் பேச்சு.

மண்ணெண்ணெய்ச் சோதனையில் ஒரு கோடும் எழும்பவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு ராஜகிரிக்குப் போனாள். அப்சர் வாசலுக்கு வந்தான். வாங்க என்று சொன்னானே தவிர முகம் கொடுக்கவில்லை. ஜெனித் ஒரு தினத்தாளை விரித்து நான்கையும் வரிசையாக வைத்தாள். அவன் நின்றபடியே பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். ஒன்றை எடுத்து எண்ணைப் பார்த்தான், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"எங்க புடிச்சீங்க?"

"நாகப்பட்டினம். மூணு மில்லி நீளம் ஜாஸ்தி."

"அப்ப பிஸ்டன் மேல போய் ஹெட்டுல தட்டுமே."

"தட்டும். ராடு மாட்டுற பின்னோட துளைய மூணு மில்லி மேல வச்சு கோயம்புத்தூர்ல பிஸ்டன் செஞ்சு வாங்கணும். ஆளு இருக்காங்க."

"கிராங்க்?"

"நான் தேச்சுக்கறேன்."

"மூலையக் கூரா விட்றாதீங்க. அங்கதான் ஒடியும்."

"எனக்குத் தெரியாதா பாய்?"

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். "ஷமீரா, பேனா எடுத்துட்டு வா" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். பேனாவோடு வந்த ஷமீரா ஜெனித்தைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் நான்கு வாரம் அப்சர் பட்டறையிலேயே கிடந்தான். கிராங்கை ஜெனித் இரண்டு நாள் எடுத்துத் தேய்த்தாள். ராடின் மேல் துளைக்கு புஷ் என்கிற வெண்கல வளையத்தை அடித்து, பிஸ்டன் பின் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குக் கடைந்தாள். போல்டுகளை மட்டும் பழையதைப் போடக் கூடாது என்று அப்சர் ஒற்றைக்காலில் நின்றான். அது அவள் யோசிக்காத விஷயம். ஒரு தடவை வேகத்தில் இழுபட்ட போல்ட் நீண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது என்று விளக்கினான். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான்கு ராடும் ஒரே எடை இருக்க வேண்டும். பட்டறைத் தராசு அதற்குக் காணாது. அய்யன்கடைத் தெருவில் நகைக்கடை வைத்திருந்த தியாகராசன், தராசைக் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டேன், எண்ணெய் போகக் கழுவிக்கொண்டு வந்தால் கடையிலேயே பார்க்கலாம் என்றார். பெண்ணுக்குத் தாலிச் செயின் எடுக்க வந்த ஓர் அம்மாள், தங்கத் தட்டில் இரும்பு ஏறுவதைக் கண்டு செயினை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை நூலில் தொங்கவிட்டு மறு முனையைத் தட்டில் வைத்து, முனை முனையாக எடை போட்டார்கள். கனமான ராடை வாசலில் உட்கார்ந்து அரத்தால் ராவிவிட்டு அப்சர் மறுபடி உள்ளே வருவான். பதினாறு தடவை அப்படி வந்தான். கடைசியில் நான்கும் ஒன்றுக்கொன்று அரை கிராமுக்குள் வந்தபோது அந்த அம்மாள், "சரியா வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் செயினைக் கையில் எடுத்தாள்.

ரேஸ் அன்று பதினொரு கார்கள். ஜெனித்தும் ஷமீராவும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். பியட் முதல் சுற்றில் ஒன்பதாவதாக வந்தது. நேர் பாதையில் அது அவர்களைக் கடந்தபோது எழுந்த சத்தம் ஜெனித்தின் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. தான் அளந்த நான்கு இரும்புத் துண்டுகள் ஒரு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் மேலும் கீழும் போய்வருகின்றன என்பதை அவளால் மனதில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சத்தத்தில் ஏதாவது தட்டல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷமீரா அவள் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்துச் சுற்று. அப்சர் ஆறாவதாக வந்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றியவன் முகம் வேர்வையில் நனைந்து, பத்து வயது குறைந்திருந்தது. "ஏழாயிரத்து இருநூறு வரைக்கும் போச்சு சிஸ்டர்" என்றான். ஷமீரா கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சோற்றைக் கார் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏஜென்ட் போன் பண்ணினால் என்ன சொல்வது என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "போன வாரமே வேணாம்னுட்டேன்" என்றான் அப்சர், சோற்றைப் பிசைந்துகொண்டே. ஷமீரா ஜெனித் பக்கம் திரும்பவில்லை. அவன் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

தஞ்சாவூர் வந்ததும் எஞ்சினைப் பிரித்தார்கள். ராடுகளை ஒவ்வொன்றாக அளந்தாள் ஜெனித். நான்கும் நேராக இருந்தன. ராடுக்கும் கிராங்குக்கும் நடுவில் உட்காரும் பேரிங்குகளில் மூன்றாவதில் மட்டும் ஓர் ஓரம் தேய்ந்து பளபளத்தது.

"இது என் தப்பு பாய். கொஞ்சம் டைட்டா வச்சுட்டேன். இன்னும் பத்து சுத்து ஓடியிருந்தா எஞ்சின் இறுகிப் புடிச்சிருக்கும்."

அப்சர் பேரிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஜூலையில ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிரலாம்" என்றான்.

வாசலில் ஒரு டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். ஜெனித் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.