ஏர்லூம்

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ‘ஏர்லூம்’ என்ற சொல் வந்தது. தலைமுறை தலைமுறையாக வீட்டில் வரும் பொருள் என்று ஆசிரியை அம்சா விளக்கினாள். காயத்ரி எழுந்து, லூம் என்றால் தறிதானே, அது ஏன் இதில் வருகிறது என்று கேட்டாள். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண்.

அம்சாவுக்குத் தெரியாது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். ஒரு முறை தடுமாறினாலும் மற்றவர்கள் தன்னை வேறு மாதிரி பார்ப்பார்கள் என்ற பயம் அவளை விட்டதில்லை.

“ஏர்னா வாரிசு. அந்தக் காலத்துல இங்கிலாந்துல அப்பா தன் தறிய பையனுக்கு விட்டுட்டுப் போவாரு. அதுலேர்ந்து வந்த வார்த்தை” என்றாள்.

காயத்ரி அதையே மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு எடுத்துக்கொண்டாள். தன் வீட்டுத் தறியையும் சேர்த்து அழகாகப் பேசினாள். அம்சா கேட்டுத் திருத்தியும் கொடுத்தாள். அப்போதுகூட அகராதியைப் புரட்டவில்லை.

போட்டியில் நடுவராக வந்த பேராசிரியர் பேச்சைப் பாராட்டிவிட்டு, அந்த விளக்கம் தவறு என்றார். பழைய ஆங்கிலத்தில் லூம் என்றால் ஏதாவது ஒரு கருவி. வாரிசுக்குப் போகும் எந்தத் தட்டுமுட்டுச் சாமானும் ஏர்லூம்தான். தறியை மட்டும் குறிப்பதாக லூம் என்ற சொல் சுருங்கியது பிற்பாடு. யார் அப்படிச் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

காயத்ரி மூன்றாம் வரிசையில் இருந்த அம்சாவை ஒரு கணம் பார்த்தாள்.

“நானாத்தான் நெனச்சிக்கினேன் சார்.”

அரங்கில் சிலர் சிரித்தார்கள். அம்சா தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் காயத்ரி வீட்டுக்குப் போனாள். அப்பா வீரபாகு தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து நாற்காலி போட்டார். அவள் உட்காராமலே நடந்ததைச் சொன்னாள்.

அவர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். “நேத்து நான் அத நல்லா திட்டிட்டேன்மா. ‘மிஸ் பேர கெடுத்துட்டு வந்து நிக்கிறியே’ன்னு. அப்பக்கூட வாயத் தொறக்கலை.”

உள்ளே காயத்ரி நிற்பது தெரிந்தது. அம்சா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். “பரவால்ல மிஸ்” என்று சட்டென்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அம்சா அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, தான் சொன்னது தவறு, காயத்ரி மேல் பிழையில்லை என்றாள். பிள்ளைகள் அமைதியாகத் திருத்தி எழுதிக்கொண்டார்கள். காயத்ரியும் எழுதினாள். அவள் இருந்த பக்கம் பார்க்க அம்சாவுக்குப் பல நாள் முடியவில்லை.